இரண்டாவது பட்டன்

எனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து பழக்கமில்லை சார். ஜீப்பில் வரும்போது உங்கள் ஏட்டு என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். எதற்குக் காலை உதைத்துக்கொண்டே வருகிறாய் என்று கேட்டார். நான் உதைக்கவில்லை. முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ திடீரென்று ஒதுங்கினால் என் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடும். பின் சீட்டில் பிரேக் இல்லை என்பது எனக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. உங்கள் டிரைவர் நல்ல பையன்தான். ஆனால் குமணன்சாவடியில் சிக்னல் பக்கத்தில் வந்த பிறகுதான் கியரைக் குறைக்கிறார். தூரத்தில் பார்த்ததுமே குறைக்க வேண்டும்.

நான் நின்றுகொண்டே சொல்கிறேனே. உட்கார்ந்தால் கால் சும்மா இருக்காது. மேஜை ஆடும், நீங்கள் எழுதுவது கோணிக்கொள்ளும்.

நீங்கள் படித்துக் காட்டிய வாக்குமூலத்தில் ஆரோக்கியசாமியாகிய நான் காரை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து, வேலப்பன்சாவடி பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்த வேம்புலியம்மாள் என்பவர் மீது மோதி, அவர் இறக்கக் காரணமானேன் என்று இருக்கிறது. கையெழுத்துப் போடத்தான் வந்தேன். என் முதலாளி பரந்தாமனிடம் சரி என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ஆனால் அதிவேகம், அஜாக்கிரதை என்ற இரண்டு வார்த்தைகளையும் காதால் கேட்ட பிறகு பேனாவைப் பிடிக்க முடியவில்லை. அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வேறு தாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாளிக்கு நான் இருபது வருடத்துக்கு மேலாக டிரைவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவர் ஒரே ஒரு லேத் மெஷினோடு கடை போட்டிருந்த காலத்திலேயே சேர்ந்தேன். வேன், பிறகு சின்னக் கார், பிறகு இப்போது இருக்கும் பெரிய கார். எல்லாம் என் கைதான். இத்தனை வருடத்தில் ஒரு நாய்க்குட்டிகூட என் சக்கரத்தில் சிக்கியதில்லை. ஆவடி மழையில் ரோடும் கால்வாயும் ஒன்றான நாட்களிலும் அவரை நனையாமல் வீட்டில் இறக்கியிருக்கிறேன். அவர் பின்னால் இடது பக்கம் உட்காருவார். கண்ணாடியில் முகத்தைப் பார்த்தால் போதும், பேசலாமா கூடாதா என்று எனக்குத் தெரிந்துவிடும். டேஷ்போர்டில் அவர் வீட்டுப் பிள்ளையார் இருப்பார். கண்ணாடியில் என் ஜெபமாலை தொங்கும். அதை எடு என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. நல்ல மனுஷர்.

அவருக்கு ஒரே பெண், கவிப்பிரியா. எங்களுக்கெல்லாம் பாப்பா. எல்.கே.ஜி. முதல் காலேஜ் வரைக்கும் நான்தான் கொண்டுபோய் விட்டேன். கார் ஓட்டவும் நான்தான் கற்றுக்கொடுத்தேன். வெள்ளானூர் பக்கம் மனை போட்டு, தார் ரோடும் போட்டு, வீடு வராத இடங்கள் நிறைய இருந்தன. அங்கே தினமும் சாயந்திரம் கூட்டிப்போவேன். ஸ்டியரிங்கை யார் வேண்டுமானாலும் திருப்பலாம், டிரைவர் என்பவன் பிரேக்கில் இருக்கிறான் என்று சொல்லிக்கொடுத்தேன். மிதிக்கக் கூடாது, அழுத்த வேண்டும். பாப்பா சீக்கிரம் பிடித்துக்கொண்டது. எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் அதைவிட நன்றாகப் பிரேக் பிடிக்கிறவர்கள் குறைவு. இதை நீங்கள் எழுதிக்கொண்டால் நல்லது.

பிறகு அந்த வண்டி வந்தது.

பார்த்தீர்களே, இப்போது முன்பக்கம் நசுங்கிக் கிடப்பதால் அதன் அழகு உங்களுக்குத் தெரிந்திருக்காது. வெளிநாட்டு வண்டி. அறுபது வருடத்துக்கு முந்தைய உருவம், உருண்டை விளக்கு, நீளமான பானெட், பக்கத்தில் மீன் செவுள் மாதிரி இரண்டு கீற்று. உள்ளே சிவப்புத் தோல். மேலே துணிக்கூரை, வேண்டும் என்றால் மடக்கிக்கொள்ளலாம். உருவம்தான் பழசு. பானெட்டுக்குள் இருப்பது இந்தக் காலத்து இன்ஜின். ஸ்டார்ட் செய்தால் பக்கத்து வீட்டு ஜன்னல் அதிரும். முதலாளி சின்னப் பையனாக வேலைக்குச் சேர்ந்த இடத்தில் அப்படி ஒரு பழைய வண்டி இருந்ததாம். தினமும் அதைத் துடைப்பதுதான் அவர் வேலை. ஒரு நாள்கூட உட்கார விடவில்லையாம். அந்த ஏக்கத்தை இத்தனை வருடம் வைத்திருந்து வாங்கினார். அதை நான் தப்பு என்று சொல்லமாட்டேன்.

அதில் இரண்டே சீட். பின் சீட் கிடையாது. முதலாளிக்குப் பின் சீட் இல்லை என்றால் எனக்கு முன் சீட் இல்லை. இது எனக்கு விளங்கக் கொஞ்ச நாள் ஆனது.

டிரைவர் சீட்டின் பக்கத்தில் இரண்டு பட்டன் இருக்கிறது. ஒன்றாவதை அமுக்கினால் முதலாளியின் உயரத்துக்கும் காலுக்கும் தகுந்தபடி சீட்டு தானாகப் போய் நிற்கும். இரண்டாவதை அமுக்கினால் பாப்பாவுக்கு. பாப்பா குள்ளம், அதனால் சீட்டு நன்றாக முன்னால் வந்துவிடும். கம்பெனியிலிருந்து வந்தவர் அதையெல்லாம் சொல்லிக்கொடுக்கும்போது நானும் பக்கத்தில் துடைக்கும் துணியோடு நின்றிருந்தேன். மூன்றாவது பட்டன் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, இரண்டு பேருக்குத்தான் என்றார்.

முதலாளியிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன்.

“மொதலாளி, இத்த நா ஒரு ரவுண்டு எட்த்துகினு வரட்டா?”

“அட போ ஆரோக்கியம். இது வேற மாறி வண்டி. பாப்பாவே இப்பதான் பழகிகினு கீது. நீ சுத்தமா தொடச்சி வெய்யி, போதும். நானும் தொடச்சவன்தானே, இன்னா இப்போ?”

கோபமாகச் சொல்லவில்லை. தோளில் தட்டித்தான் சொன்னார். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு பெரிய கார் நின்ற இடத்திலேயே நின்றது. ஃபேக்டரிக்கும் பாப்பாதான் அவரைக் கூட்டிப்போனது. நான் கேட்டைத் திறப்பேன், மூடுவேன். பருத்திப்பட்டு வீட்டு வாசலில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். அதில் உட்கார்ந்தால் கால் ஓடும். எழுந்து நடப்பேன். தெருமுனை வரைக்கும் போவேன், திரும்புவேன். ஆவடி ரோட்டில் லாரிகள் பிரேக் பிடிக்கும் சத்தம் கேட்டால் என் காலும் கூடவே அழுத்தும். வீட்டுக்குப் போனாலும் அதே கதை. ஒரு ஞாயிறு கோயிலில் பூசை நடக்கும்போது என் மனைவி செலின் முழங்கையால் இடித்தாள்.

“இன்னாயா இது, சாமி முன்னாடி கூட கால ஆட்டிகினே கீற? ஒடம்புக்கு எதுனா கீதா?”

உடம்புக்கு ஒன்றும் இல்லை. பொறாமை. சொல்ல எனக்கு வெட்கமில்லை. நான் கற்றுக்கொடுத்த கால் என் இடத்தில் இருந்தது.

ஒரு நாள் பாப்பா எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தது. அந்தக் குழந்தைக்கு எப்போதும் மரியாதை உண்டு.

“சாமி அங்கிள், நீங்க எவ்ளோ வருஷம்தான் ஓட்டுவீங்க? ரெஸ்ட் எடுங்க. ஃபேக்டரி ஸ்டோர்ல உக்காந்து பாத்துக்கற மாதிரி ஒரு வேல இருக்காம். அப்பாவ நான் கூட்டிட்டுப் போய்க்கறேன். பெரிய காரையும் குடுத்துடலாம்னு அப்பா சொல்றாரு.”

உட்காரும் வேலை. நான் டீ நன்றாக இருக்கிறது என்றேன்.

எலுமிச்சம்பழத்தைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். முதலாளியின் வீட்டம்மா ஒவ்வொரு அமாவாசைக்கும் அம்மன் கோயிலில் வைத்து எடுத்த எலுமிச்சம்பழத்தை வண்டியில் வைக்கச் சொல்வார். பழசை எடுத்துவிட்டுப் புதுசு வைப்பது என் வேலை. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது, ஆனால் அவர்கள் நம்பிக்கை. பெரிய காரில் பிள்ளையார் பக்கத்தில் வைப்பேன். புது வண்டியின் டேஷ்போர்டு சரிவாக இருந்ததால் கியர் பக்கத்தில் ஒரு சின்னக் குழியில் வைத்துவந்தேன். பழசைத் தூக்கிப்போடும்போது அம்மா தவறாமல் ஒன்று சொல்வார்.

“கால் படாத எடமா பாத்துப் போடுங்க ஆரோக்கியம்.”

மாதக்கணக்கில் வெயில்பட்ட எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா. சுருங்கி, கறுத்து, கட்டைபோல ஆகிவிடும். சுத்தியால் அடித்தால்தான் உடையும். பெரிய காரின் பெட்டியில் அப்படி ஒன்று கிடந்தது. அதை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நடக்கும்போது உருட்டிக்கொண்டே இருப்பேன். கைக்கு ஏதாவது வேண்டுமே.

என் எண்ணம் பெரிதாக ஒன்றும் இல்லை. வண்டி வீட்டு வாசல் சரிவில் இறங்கும்போது பழம் உருண்டு பிரேக்குக்கு அடியில் போகும். பிரேக் முழுசாக இறங்காது. கேட் தூணில் மெதுவாக ஒரு முட்டு. ஒரு விளக்கு உடையும். முதலாளி பயந்துபோய், இந்த வண்டியெல்லாம் நமக்கு எதற்கு ஆரோக்கியம், நீயே எடு என்று சொல்வார். ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலாளிதான் ஓட்டுவார். அவருக்குச் சரியாக ஓட்ட வராது என்பதும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். யாருக்கும் ஒன்றும் ஆகாது. சாமி பழம் உருண்டதற்கு யாரை என்ன சொல்ல முடியும்.

இன்றைக்குக் காலையில் வண்டியைத் துடைத்துவிட்டு, கதவைத் திறந்து பழத்தை வைத்தேன். குழியில் புதுப் பழம், கீழே பழைய பழம்.

பாப்பா சாவியோடு வந்து உட்கார்ந்தது. முதலாளி அந்தப் பக்கம் ஏறினார்.

“சாமி அங்கிள், எலுமிச்சம்பழம் வெச்சிட்டீங்களா? அம்மா கேப்பாங்க.”

“வெச்சிட்டம்மா.”

கேட்டைத் திறந்தேன். வண்டி போனது. கேட்டை மூடினேன்.

முதலாளியின் போன் வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது சார். பொய் சொல்லமாட்டேன். ஆரோக்கியம், ஆட்டோ பிடித்து உடனே வா, நீ வந்தால்தான் ஆகும் என்றார். நீ வந்தால்தான் ஆகும் என்று அவர் சொல்லிப் பல மாதம் ஆகியிருந்தது. ஆட்டோவில் வரும் வழியெல்லாம் என் கால் அமைதியாக இருந்தது. இவ்வளவு நாளில் இன்றைக்குத்தான்.

வேலப்பன்சாவடியில் கூட்டம் கூடியிருந்தது. வண்டி பஸ் ஸ்டாப் கம்பத்தில் ஏறி நின்றிருந்தது. அந்த அம்மாளை அதற்குள் கொண்டுபோய்விட்டார்கள். பக்கத்துக் காலேஜில் துப்புரவு வேலைக்கு வந்தவராம். ஒரு செருப்பும் எவர்சில்வர் டிபன் பாக்ஸும் கிடந்தன. பாப்பாவுக்கு மணிக்கட்டு உடைந்திருந்தது. வேறு யாரோ ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். முதலாளிக்கு நெற்றியில் மட்டும் சின்னக் காயம். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“ஆரோக்கியம், நீ ஓட்னன்னு சொல்லிடுப்பா. பாப்பாவுக்கு அடுத்த மாசம் நிச்சயம் வெச்சிகீறேன். கேஸுன்னு போனா அது வாழ்க்கையே பூடும். ஒன் ஊட்ட நா பாத்துக்கறேன். எப்பவும் நீதானே ஓட்டுவ? இன்னிக்கும் நீதான் ஓட்னன்னு சொல்லு.”

நான் அந்த வண்டியில் ஒரு நாளும் ஓட்டுநராக உட்கார்ந்ததில்லை. இன்றைக்கு உட்காரச் சொன்னார். சரி என்றேன். எனக்கு அது ஒரு மாதிரி நிறைவாகக்கூட இருந்தது.

பிறகு அவர் அழுதுகொண்டே இன்னொன்று சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

“பஸ்ஸு ஒண்ணு ஸ்டாப்லேந்து திடீர்னு வெளிய வந்துச்சி. மொதல்ல ஒருவாட்டி நல்லாத்தான் புட்ச்சா. அடுத்தவாட்டி, பிரேக் எறங்கலப்பா, எறங்கலப்பான்னு கத்தறா. எங்கடா எறங்காம போவும்? பயத்துல ஆக்சிலேட்டர மிதிச்சிட்டா. பொட்டப் புள்ள கையில குட்த்தது என் தப்பு.”

பாப்பா பெடல் மாற்றி மிதிக்காது. வெள்ளானூரில் நான் கண்ணைக் கட்டாத குறையாகப் பழக்கியிருக்கிறேன். ஆனால் கூட்டத்தில் எல்லோரும் அதையே சொன்னார்கள். பொம்பளை ஓட்டியிருப்பாள், பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதித்திருப்பாள் என்றார்கள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

வண்டிக்குள் என் போன் விழுந்துவிட்டது என்று சொல்லி டிரைவர் பக்கம் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்றால், முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடித்து நின்றுவிட்டன. ஆறடி ஆள் நான். குனிந்து கையை விட்டேன். பழம் பிரேக்குக்குப் பின்னால் இறுகி உட்கார்ந்திருந்தது. பெடலில் பாப்பாவின் செருப்புத் தடம் அழுத்தமாகப் பதிந்திருந்தது. முழு பலத்தையும் போட்டு அழுத்தியிருக்கிறது குழந்தை. பழத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் உங்கள் ஜீப் வந்தது.

நீங்கள் இப்போதே ஆளை அனுப்பிப் பார்க்கலாம். சீட்டு இன்னும் முன்னால்தான் இருக்கும். அந்த இடத்தில் உட்கார்ந்து நான் ஓட்டியிருக்க முடியாது. பாப்பாதான் ஓட்டியது. அப்படிச் சொன்னால் நீங்கள் உடனே அதிவேகம், அஜாக்கிரதை என்று அதன் பெயரை எழுதுவீர்கள். அதுவும் பொய். அது என் மாணவி. பிரேக் பிடிக்க வேண்டிய நேரத்தில் பிரேக்தான் பிடித்தது. பிரேக் இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை என்று சொல்லாமல் எங்கள் இரண்டு பேர் பெயரையும் காப்பாற்ற வழி இல்லை. அதனால்தான் இத்தனையும் சொல்கிறேன்.

ஆமாம், சரியாகத்தான் கேட்கிறீர்கள். சீட்டு முன்னால் இருந்தது என்றால் காலையிலேயே முன்னால்தான் இருந்திருக்க வேண்டும், பழம் வைக்கும்போதே நீ பார்த்திருப்பாயே என்கிறீர்கள். பார்த்தேன். நேற்றுச் சாயந்திரமே பாப்பா, நாளைக்கு ஹைவேஸ்ல நான்தான் அங்கிள் ஓட்டப்போறேன் என்று சொல்லி, இரண்டாவது பட்டனை அமுக்கிவிட்டுப் போனது. முதலாளி ஓட்டுவார் என்று கொஞ்சம் முன்னால் சொன்னேன். அது பழக்கத்தில் வந்த பேச்சு. சீட்டு முன்னால் இருந்ததால் கையை விடவே இடமில்லை. ஒருக்களித்துப் படுத்துத்தான் வைத்தேன். சீட்டைப் பின்னால் தள்ளியிருக்கலாம். தள்ளினால் பாப்பாவின் இடம் கலைந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

கேட் சரிவில் ஏன் உருளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே உருளக் கூடாது என்று காலடி விரிப்பை ஒரு மடிப்பு மடித்து அதற்குள் பழத்தைச் செருகியிருந்தேன். வாசலில் அம்மா கோலத்துக்குப் பக்கத்தில் நிற்பார், அவர் மேல் இடித்துவிட்டால் என்ன ஆவது. அந்த மடிப்பு ஸ்பீட் பிரேக்கருக்கெல்லாம் விடாது. நல்ல வேகத்தில் போய் ஒரு தடவை அழுத்திப் பிரேக் பிடித்தால்தான் விடும், அடுத்த தடவைக்குப் பழம் அடியில் இருக்கும். பேட்டரி இறங்காமல் ஓட்டிவருகிறேன் என்று பெரிய காரை எடுத்துப்போய் வெள்ளானூரில் ஒரு வாரம் சோதித்துப் பார்த்தேன். சும்மா இருக்க முடியாமல்தான். கேட் தூண் என்று நான் சொன்னதும் பொய் இல்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாளை எனக்குத் தெரியாது. அவர் வீட்டுக்காரர் என்று நினைக்கிறேன், வெளியே படிக்கட்டில் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் உள்ளே வரும்போது உங்கள் டிரைவர் பின்னால் பார்க்காமல் ஜீப்பை ரிவர்ஸ் எடுத்தார். பெரியவரே, கால மட்ச்சிக்கோங்க, வண்டி வருது என்று நான்தான் சத்தம் போட்டேன். இழுத்துக்கொண்டார். இல்லையென்றால் அவருக்கும் அடிபட்டிருக்கும்.

இதுதான் சார் அந்தப் பழம். மேஜைமேல் வைக்கிறேன், உருண்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் நிறுத்திவிட்டீர்கள், எழுதுங்கள். வேம்புலியம்மாளைக் கொன்றது ஆரோக்கியசாமி என்று எழுதுங்கள். பாப்பாவைக் கொல்லப் பார்த்தான் என்றும் எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். வண்டியை நான் ஓட்டினேன் என்ற வரியை மட்டும் அடித்துவிடுங்கள். இருபது வருடமாக என் கையால் யாருக்கும் ஒரு கீறல்கூடப் பட்டதில்லை.